ராயபுரத்துக்கு வந்த டிராமும் வராத மெட்ரோவும்

கேள்வி, 26 செப்டம்பர் 2024

கொல்கத்தாவில் டிராமை நிறுத்தப் போகிறார்களாம். பழமைக்காக ஒரே ஒரு தடம் மட்டும் இருக்குமாம். இந்தியாவில் டிராம் ஓடிய ஒரே ஊர் அதுதானே? சென்னையிலும் இருந்தது என்று என் பெரியப்பா சொல்வார். ஆனால் அது மவுண்ட் ரோட்டுப் பெரிய மனிதர்களுக்காக ஓடியது, வடசென்னைப் பக்கம் எட்டிப் பார்த்ததே இல்லை, அங்கே தண்டவாளம் என்று வந்ததே மெட்ரோவுக்கு அப்புறம்தான் என்று இன்னொருவர் எழுதியிருந்தார். எது உண்மை?

26 செப்டம்பர் 2024, இரவு

ராயபுரத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். இதற்குப் பதில் சொல்லாமல் தூங்க முடியாது.

கொல்கத்தா மட்டும் இல்லை. பம்பாய், டெல்லி, கான்பூர், மதராஸ் எல்லா ஊரிலும் டிராம் ஓடியிருக்கிறது. மின்சார டிராம் என்று பார்த்தால் நாட்டிலேயே முதல் ஊர் மதராஸ்தான். 1895 மே 7 அன்று ஓடத் தொடங்கியது. கொல்கத்தாவில் 1873இலேயே குதிரை இழுக்கும் டிராம் வந்துவிட்டது. ஆனால் அங்கே மின்சார டிராம் வர 1902 ஆகிவிட்டது. பம்பாயில் 1907.

வடசென்னைக்கு வரவில்லை என்பது சுத்தமாகத் தவறு. துறைமுகத்திலிருந்து ஊருக்குள் சரக்கும் ஆட்களும் ஏற்றிப் போகத்தான் அந்த வண்டியே தொடங்கியது. துறைமுகம் எங்கே இருக்கிறது? அப்புறம் ராயபுரம், வண்ணாரப்பேட்டை, புரசைவாக்கம் என்று தடங்கள் வந்தன. மவுண்ட் ரோடும் பூந்தமல்லி நெடுஞ்சாலையும் அந்த வலையில் ஒரு பகுதி. வலைக்கு நடு முடிச்சு பாரிஸ் கார்னர்.

மெட்ரோவுக்கு முன் தண்டவாளமே இல்லை என்பதைப் படித்து எனக்குக் கோபமே வந்தது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் கிளம்பியது எங்கள் ராயபுரத்திலிருந்து. 1856 ஜூன் 28 அன்று கவர்னர் ஹாரிஸ் பிரபு நிலையத்தைத் திறந்து வைத்தார். ஜூலை 1 முதல் வாலாஜா ரோடு வரை பொதுமக்கள் போனார்கள். அந்தக் கட்டடம் தூண்களோடு இன்றும் நிற்கிறது. சென்ட்ரல் வந்தது 1873இல்.

27 செப்டம்பர் 2024

காலையில் ஒருவர் கேட்டிருக்கிறார்: 1895இல் மின்சாரக் கம்பி எங்கே கட்டியிருப்பார்கள், தெருவிளக்கே மின்சாரத்தில் எரியாத காலமாயிற்றே?

முதலில் மேலே கம்பியே இல்லை. இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே தரையில் நீளமாக ஒரு பிளவு. அதற்குள் ஒரு கால்வாய், கால்வாய்க்குள் மின்சாரம் போகும் கடத்தி. வண்டியின் அடியிலிருந்து ஒரு கை மாதிரி இறங்கி, பிளவு வழியாக உள்ளே போய், அந்தக் கடத்தியை உரசிக்கொண்டே வரும். தெரு பார்க்கச் சுத்தமாக இருக்கும், தலைக்கு மேலே எதுவும் தொங்காது.

ஆனால் இது மதராஸ். ஐப்பசி, கார்த்திகையில் என்ன நடக்கும் என்று எங்கள் தெருக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லும். மழைத் தண்ணீரும் சேறும் அந்தக் கால்வாயில் இறங்கின. சில வருடங்களிலேயே அதைக் கைவிட்டு, மேலே கம்பி கட்டிவிட்டார்கள். பழைய புகைப்படங்களில் கூரை மேல் நீளக் கழியோடு நாம் பார்க்கும் டிராம் அதற்குப் பிந்தியது.

27 செப்டம்பர் 2024, பிற்பகல்

லண்டனுக்கும் முன்பே நமக்கு வந்ததா என்று கேட்டவருக்கு: ஆமாம். லண்டனில் மின்சார டிராம் முறையான சேவையாக ஓடத் தொடங்கியது 1901இல். நம்முடையதற்கு அப்போது ஆறு வயது.

30 செப்டம்பர் 2024

அம்மாவிடம் கேட்டுவிட்டு எழுதுகிறேன். அம்மாவுக்கு இப்போது எண்பதைத் தாண்டிவிட்டது. டிராம் நின்றபோது பள்ளிக்கூடப் பிள்ளை.

ஆயா, அதாவது அம்மாவின் அம்மா, வாரத்தில் ஒரு நாள் சாமான் வாங்க பாரிஸ் கார்னர் போவாராம், அம்மாவையும் கூட்டிக்கொண்டு. அம்மாவுக்கு நன்றாக ஞாபகம் இருப்பது சத்தம். ஓட்டுநர் காலால் மிதிக்க மிதிக்க டங் டங் என்று மணி அடிக்குமாம். வண்டியின் பக்கவாட்டுத் திறந்தே இருக்கும், கடல் காற்று அப்படியே முகத்தில் அடிக்கும். தெருவோரம் யாராவது கை காட்டினால் வேகம் குறையும், சில பையன்கள் அதற்குக்கூடக் காத்திராமல் தொத்திக்கொள்வார்கள். தடம் முடிகிற இடத்தில் வண்டியைத் திருப்பவே மாட்டார்கள். கண்டக்டர் இறங்கி, கயிற்றைப் பிடித்துக் கூரைக் கழியை மறுபக்கம் இழுத்து மாட்டுவார். ஓட்டுநர் தன் கைப்பிடியைக் கழற்றிக்கொண்டு பின்பக்கம் போவார். அவ்வளவுதான், பின்பக்கம் முன்பக்கம் ஆகிவிடும். அதைப் பார்ப்பதற்காகவே அம்மா கடைசி நிறுத்தம் வரை போகணும் என்று அழுவாராம்.

இன்னொன்றும் சொன்னார். ஆயாவுக்கு முழங்கால் வலி. ஆனாலும் டிராம் ஏற அலுத்துக்கொண்டதில்லை, ஏனென்றால் அது தெரு மட்டத்தில் நின்றது. ஒரு படி, அப்புறம் பெஞ்சு.

இந்தக் கடைசி விஷயத்தை மறக்க வேண்டாம். பின்னால் மெட்ரோ பற்றி எழுதும்போது இதற்குத் திரும்ப வருவேன்.

2 அக்டோபர் 2024

டிராம் தொழிலாளர்கள் பற்றி யாருமே கேட்கவில்லை. நானே எழுதிவிடுகிறேன், இதுவும் வடசென்னை வரலாறுதான்.

1918 ஏப்ரல் 27 அன்று சென்னை தொழிலாளர் சங்கம் தொடங்கியது. பெரம்பூர்ப் பக்கத்து பி அண்ட் சி (பக்கிங்காம் அண்ட் கர்நாடிக்) துணி மில் தொழிலாளர்கள்தான் அதற்கு அடித்தளம். பி.பி. வாடியா தலைவர், திரு.வி.க. முன்னணியில் நின்றார். அது எழுந்த வேகத்தைப் பார்த்து டிராம் தொழிலாளர்களும் சங்கம் அமைத்தார்கள், வேலைநிறுத்தமும் செய்தார்கள். மில் நின்றால் முதலாளிக்குத்தான் முதலில் தெரியும். டிராம் நின்றாலோ ஊர் முழுக்கத் தெரியும். அந்தப் பலம் அவர்கள் கையில் இருந்தது.

டிராம் உச்சத்தில் இருந்ததும் ஏறக்குறைய அந்தச் சமயம்தான். 1921இல் 97 வண்டிகள், 24 கிலோமீட்டர் தடம்.

4 அக்டோபர் 2024

நேற்று மத்திய அமைச்சரவை மெட்ரோ இரண்டாம் கட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்துவிட்டது. 118.9 கிலோமீட்டர், 63,246 கோடி ரூபாய். வேலை எப்போதோ தொடங்கிவிட்டது, பணப் பங்குதான் இழுபறியாக இருந்தது.

நம் பக்கத்துக்கு இதில் என்ன? மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் போகும் தடம். மூலக்கடை, பெரம்பூர், அயனாவரம், ஓட்டேரி, டவுட்டன், புரசைவாக்கம் என்று வரும். புரசைவாக்கத்துக்கு ஒரு காலத்தில் டிராம் இருந்தது. எழுபது வருடத்துக்கு மேல் கழித்து அதே பேட்டைக்குத் தரைக்கு அடியில் தண்டவாளம் வருகிறது. பெரம்பூர்க்காரர்கள் நிஜமாகவே சந்தோஷப்படலாம்.

ராயபுரம், காசிமேடு? வரைபடத்தை நான் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு கோடுகூட இல்லை.

6 அக்டோபர் 2024

டிராமை ஏன் நிறுத்தினார்கள் என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்.

நேரடிக் காரணம் நஷ்டம். நடத்தியது தனியார் கம்பெனி. 1953 ஏப்ரல் 12 அன்றோடு முடிந்தது. அப்போது ராஜாஜி முதலமைச்சர்.

அதற்குப் பின்னால் பேருந்து இருக்கிறது. அரசே 1947இல் நகரத்தில் பேருந்து விட ஆரம்பித்தது. பேருந்துக்குத் தண்டவாளம் வேண்டாம், கம்பி வேண்டாம், சாலை ஒரு பக்கம் அடைத்தால் இன்னொரு தெருவில் சுற்றிப் போகும். டிராமின் முன்னால் ஒரு மாட்டு வண்டி நின்றுவிட்டால் பின்னால் உள்ள எல்லா டிராமும் நிற்கும். பழைய வண்டி, பழைய தண்டவாளம், மாற்றப் பணம் கிடையாது. மற்ற ஊர்களிலும் ஏறக்குறைய இதே கதைதான். டெல்லியில் 1963, பம்பாயில் 1964.

ஆனால் "காலாவதியானது, போய்விட்டது, நல்லதுதான்" என்று ஒருவர் எழுதியிருப்பதை நான் ஏற்கமாட்டேன். கொல்கத்தாவில் அரசு கையில் எடுத்தது, அதனால்தான் அங்கே இன்றைக்கு நிறுத்துவதா வேண்டாமா என்று சண்டை போடுவதற்காவது ஒன்று மிஞ்சியிருக்கிறது. இங்கே அந்தச் சண்டைக்கே இடமில்லாமல் தண்டவாளத்தின் மேல் தார் போட்டுவிட்டார்கள். தனியார் கணக்கில் நஷ்டம் என்பது ஒன்று. ஊருக்கு அது தேவையா என்பது வேறு கேள்வி. 1953இல் முதல் கேள்விக்கு மட்டும்தான் பதில் சொன்னார்கள்.

6 அக்டோபர் 2024, இரவு

மேலே எழுதியதோடு ஒன்று சேர்க்க வேண்டும். பேருந்து வந்ததால் நன்மையே இல்லை என்று நான் சொல்லவில்லை. டிராம் போகாத திருவொற்றியூருக்கும் எண்ணூருக்கும் பேருந்து போனது. நான் வேலைக்குப் போன காலமெல்லாம் அதில்தான். 28ஆம் நம்பர், 1ஆம் நம்பர், டோல்கேட்டிலிருந்து வரும் 6டி, இவை இல்லாமல் வடசென்னையில் யாருடைய குடும்பமும் நடந்திருக்காது. காலை எட்டரைக்கு ராயபுரம் கல்மண்டபத்தில் நின்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், கால் வைக்க இடம் கிடைத்தாலே பெரிய விஷயம்.

16 அக்டோபர் 2024

இரண்டு நாளாக மழை. வேளச்சேரிக்காரர்கள் வெள்ளத்துக்குப் பயந்து மேம்பாலத்தில் கார்களை வரிசையாக நிறுத்திவிட்டார்கள். எங்களிடம் நிறுத்த மேம்பாலமும் பக்கத்தில் இல்லை, அவ்வளவு காரும் இல்லை.

மழை என்றால் வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதை தண்ணீரில் மூழ்கிவிடும் என்று எல்லோருக்கும் தெரியும். இவ்வளவுக்கும் நடுவில் மெட்ரோ ஓடியது. ஊழியர்களுக்கு என் மனமார்ந்த நன்றி.

செப்டம்பர் 27 குறிப்பில் எழுதிய தரைக் கால்வாயை நினைத்துப் பாருங்கள். அந்தப் பொறியாளர்களைத் தோற்கடித்ததும் இதே வடகிழக்குப் பருவமழை. இன்றைய மெட்ரோ சுரங்கத்துக்குள் போனாலும் மின்சாரத்தை மேலேயிருந்துதான் எடுக்கிறது, 25,000 வோல்ட். சில ஊர் மெட்ரோக்களில் தண்டவாளத்துக்குப் பக்கத்திலேயே மூன்றாவது தண்டவாளம் போட்டு மின்சாரம் கொடுக்கிறார்கள். எங்கள் ஊருக்கு மேலே இருப்பதுதான் நிம்மதி.

20 அக்டோபர் 2024

விம்கோ நகர் தடத்தின் முழு வழியையும் எழுதச் சொன்னவருக்கு.

மெட்ரோ சென்னையில் முதன்முதலாக ஓடியது 2015 ஜூன் 29, கோயம்பேட்டிலிருந்து ஆலந்தூர் வரை. வடசென்னைக்குள் அது நுழைந்தது 2019 பிப்ரவரி 10 அன்று, வண்ணாரப்பேட்டை வரை. முதல் திட்டத்தில் அதுவே கடைசி நிறுத்தம். அதாவது வண்ணாரப்பேட்டையோடு ஊர் முடிந்துவிட்டது என்று யாரோ நினைத்திருக்கிறார்கள். திருவொற்றியூர் மக்கள் விடாமல் கேட்டதால்தான் நீட்டிப்பு வந்தது. 2016 ஜூலையில் ஜெயலலிதா அடிக்கல் நாட்டினார், 2021 பிப்ரவரி 14 அன்று பிரதமர் மோடி தொடங்கி வைத்தார். ஒன்பது கிலோமீட்டர் சொச்சம், 3,770 கோடி.

வழி: வண்ணாரப்பேட்டை தாண்டி தியாகராயர் கல்லூரி, தண்டையார்பேட்டை இரண்டும் தரைக்கு அடியில். அப்புறம் ரயில் மேலே ஏறி வெளிச்சத்துக்கு வரும். புதுவண்ணாரப்பேட்டை, டோல்கேட், காலடிப்பேட்டை, திருவொற்றியூர் தேரடி, திருவொற்றியூர், விம்கோ நகர், கடைசியில் பணிமனை. தேரடியும் பணிமனை நிலையமும் மட்டும் 2022 மார்ச்சில்தான் திறந்தன. ஏறக்குறைய முழுவதும் திருவொற்றியூர் நெடுஞ்சாலையை ஒட்டியே போகிறது.

தேரடியில் இறங்கினால் தியாகராஜ சுவாமி கோயில் நடக்கிற தூரம். வடிவுடையம்மனைப் பார்க்க வெள்ளிக்கிழமை வருகிற கூட்டம் இப்போது பாதி மெட்ரோவில்தான் வருகிறது போல இருக்கிறது. விம்கோ என்பது தீப்பெட்டிக் கம்பெனி. காலடிப்பேட்டை அதைவிடப் பழையது, 1717 முதல் 1720 வரை கவர்னராக இருந்த ஜோசப் காலட் நெசவாளர்களைக் குடியமர்த்திய இடம்.

புதியவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. தண்டையார்பேட்டை என்று மின்சார ரயிலில் ஒரு நிலையம், மெட்ரோவில் ஒரு நிலையம். இரண்டும் ஒன்றல்ல, பக்கத்திலும் இல்லை. "தண்டையார்பேட்டையில் நிற்கிறேன்" என்று போனில் சொன்ன என் மாமா பெண்ணைத் தேடி நான் அலைந்த கதையை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

27 அக்டோபர் 2024

அக்டோபர் 4 அன்று கொஞ்சம் ஆதங்கத்தோடு எழுதினேன். அதன் பிறகு ஒரு வேலையாகச் சில நாள் காலையில் திருவொற்றியூர் போய் வர வேண்டியிருந்தது. பெட்டியில் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே போனேன். காக்கிச் சட்டை போட்ட தொழிற்சாலைக்காரர்கள், தியாகராயர் கல்லூரியில் இறங்குகிற பிள்ளைகள், பூக்கூடையோடு பாரிஸுக்குப் போகிற அம்மாக்கள். இவர்களுக்கெல்லாம் முன்பு நெடுஞ்சாலையில் ஒன்றரை மணி நேரம் போகும். கன்டெய்னர் லாரி வரிசை பிடித்துவிட்டால் அதற்கும் மேல்.

எனவே, திருவொற்றியூர் நெடுஞ்சாலையைத் தேர்ந்தெடுத்தது சரி என்றே இப்போது படுகிறது. காசிமேடு வழியாகக் கொண்டு போயிருந்தால் ஒரு பக்கம் கடல், பாதி ஊருக்குத்தான் பயன்பட்டிருக்கும். ராயபுரத்துச் சந்துகளுக்கு அடியில் தோண்டியிருந்தால் அந்தப் பழைய வீடுகள் என்ன ஆகியிருக்குமோ.

ஆனால் தடம் சரி என்பதால் எங்கள் குறை தீர்ந்துவிடவில்லை. கல்மண்டபத்திலிருந்து வண்ணாரப்பேட்டை மெட்ரோ ஒன்றரை கிலோமீட்டர் இருக்கும். நடக்க முடிந்தவர்களுக்கு ஒன்றுமில்லை. அம்மா மாதிரி ஆட்களுக்கு அது வெளியூர். ஷேர் ஆட்டோ பிடித்து, இறங்கி, நிலைய வாசலில் லிஃப்ட் எந்தப் பக்கம் என்று தேடி, சோதனை வாசல் தாண்டி, இன்னொரு லிஃப்ட். ரயில் மூன்று நிறுத்தத்தில் சென்ட்ரலுக்குக் கொண்டுபோய் விடும். ரயிலை அடைவதற்குள் அம்மாவுக்கு மூச்சு வாங்கிவிடும். ஆயாவுக்கு ஒரு படி, அப்புறம் பெஞ்சு என்று எழுதினேன் இல்லையா, அதைத்தான் நாம் இழந்திருக்கிறோம். வேகம் கூடியிருக்கிறது, வாசல் தள்ளிப் போயிருக்கிறது.

28 அக்டோபர் 2024

"அப்படியென்றால் மறுபடி டிராம் விடச் சொல்கிறீர்களா?" என்று கேட்டவருக்கு: இன்றைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுக் கடைத்தெருவில் தீபாவளிக் கூட்டத்துக்கு நடுவில் டிராம் போக முடியாது. நான் அதைக் கேட்கவில்லை. டிராம் செய்த வேலையை யாராவது செய்ய வேண்டும் என்கிறேன்.

3 நவம்பர் 2024

கொருக்குப்பேட்டைக்காரர் நீளமாக எழுதியிருக்கிறார், எல்லோரும் படியுங்கள். அவர் சொல்வது: ராயபுரத்துக்காவது பழைய பெருமை இருக்கிறது, எங்களுக்கு ரயில்வே கேட்தான் இருக்கிறது. சரக்கு ரயில் வந்து கேட் போட்டால் ஆம்புலன்ஸும் நிற்க வேண்டும், பள்ளிப் பிள்ளைகள் குனிந்து நுழைவார்கள். கண் முன்னால் இத்தனை தண்டவாளம் ஓடியும் எங்களுக்கு அது தடையாகத்தான் இருக்கிறது என்கிறார்.

இது என் கண்ணைத் திறந்த விஷயம். டிராம், மெட்ரோ என்று நான் பேசிக்கொண்டிருந்தபோது, தண்டவாளம் பக்கத்தில் இருந்தாலே ஊருக்கு நல்லது என்ற நினைப்பு உள்ளே ஓடிக்கொண்டே இருந்தது. வடசென்னையில் தண்டவாளம் பெரும்பாலும் சரக்குக்காகப் போடப்பட்டது. துறைமுகத்துக்கு நிலக்கரி, எண்ணெய், கன்டெய்னர். மக்கள் அதைச் சுற்றிக் குடியிருந்தார்கள், அவ்வளவுதான். 1895 டிராமும் துறைமுகச் சரக்கோடுதான் தொடங்கியது என்று முதல் நாளே எழுதினேன். ஆனால் அது மக்களுக்கான வண்டியாக மாறியது. விம்கோ நகர் மெட்ரோவோ ஆரம்பத்திலிருந்தே ஆட்களுக்காகப் போட்டது. அந்த வகையில் இது எங்கள் பகுதிக்குப் பெரிய மாற்றம், அதைக் குறைத்துச் சொல்லக் கூடாது.

கொருக்குப்பேட்டைக்கு முதல் தேவை கேட்டுக்கு மேலே பாலம். மெட்ரோ அதற்கு அப்புறம்.

5 நவம்பர் 2024

சின்னக் கேள்விக்குச் சின்னப் பதில்: ஆமாம், விம்கோ நகரில் மின்சார ரயில் நிலையமும் இருக்கிறது. கும்மிடிப்பூண்டி ரயில் பிடித்து எண்ணூர், அத்திப்பட்டு போகிறவர்கள் அங்கே மாறிக்கொள்ளலாம்.

10 நவம்பர் 2024

கடைசியாக என்னதான் வேண்டும் என்று கேட்கிறார்கள். சொல்கிறேன்.

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் தொடங்கி, கல்மண்டபம், ராயபுரம் ரயில் நிலையம், ஸ்டான்லி ஆஸ்பத்திரி, வண்ணாரப்பேட்டை மெட்ரோ என்று ஒரு சிற்றுந்து. படி தாழ்வாக இருக்க வேண்டும். பத்து நிமிடத்துக்கு ஒன்று, காலை ஐந்து மணியிலிருந்து. ஏன் ஐந்து மணி என்றால் மீன் வாங்கிக் கூடையில் எடுத்துப் போகிற பெண்களுக்கு அதுதான் நேரம், அவர்களைக் கூடையோடு ஏற்ற வேண்டும். மெட்ரோ டிக்கெட்டே இதற்கும் செல்ல வேண்டும். சரக்கும் ஆளும் சேர்த்து ஏற்றிய வண்டி இதே பகுதியில்தான் ஓடியது, எனவே இது புதுமையான யோசனையும் இல்லை.

மனு எழுதிவிட்டேன். எங்கள் தெருவில் கையெழுத்து வாங்கியாயிற்று. தெலுங்கில் கையெழுத்துப் போட்ட பெரியவர்களும் இருக்கிறார்கள், அதுவும் செல்லும். புதுமனைக்குப்பம், பனைமரத்தொட்டி பக்கம் யாராவது இருந்தால் இங்கே எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தாளை எடுத்துக்கொண்டு நானே வருகிறேன்.